“போயிட்டு வா” என்று சொல்லிவிட்ட செவிலியர் அமிர்தவல்லி அம்மையாருக்கு

அன்பின் உறைவிடமே! அமைதியின் அரியணையே! முப்பத்து நான்கு ஆண்டுகள் மருத்துவமனையே மனையென வாழ்ந்த மாதரசியே! கலங்கிய மனங்களுக்குக் கைவிளக்கே! கீழப்பழுவூர் ஈன்றெடுத்த கருணைக் கடலே! எங்கள் மனநலப் பிரிவின் மூத்த செவிலியரே, முதல் குரலே, முகம் சுளிக்காத மூத்தவரே, அமிர்தவல்லி அக்கா அவர்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம்.

இந்த மடலை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், இந்தக் கட்டடத்தில் மற்றவர்களால் வாசிக்க முடிகிற கையெழுத்து என்னுடையது ஒன்றுதான் என்பதே. நான் பதிவேட்டு எழுத்தர் வெள்ளைச்சாமி. பெரம்பலூரில் மடல் அச்சடித்துக் கண்ணாடி போட்டுத் தரும் கடையில் ஒரு மாதிரி கேட்டேன். தடித்த கோப்பு ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார்கள். தலைமையாசிரியருக்கு ஒன்று, தாசில்தாருக்கு ஒன்று, வங்கி மேலாளருக்கு ஒன்று. பெயர் வருகிற இடத்தில் மட்டும் புள்ளிகள். செவிலியருக்கான மாதிரியில் ‘வெண்புறாவே’ என்று இருந்தது. உங்களைப் புறா என்று எழுதினால் மேடையிலேயே என்னை ஏசுவீர்கள். ஆகவே புறாவைப் பறக்கவிட்டுவிட்டு, எனக்குத் தெரிந்த அடைமொழிகளைப் போட்டிருக்கிறேன். ‘கருணைக் கடல்’ மட்டும் உங்கள் இளைய செவிலியர் மணிமொழி சேர்த்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

எழுதியதை வியாழக்கிழமை உங்களிடம் காட்டினேன். ‘பொன்மகளே’ என்றிருந்ததை மட்டும் அடித்தீர்கள். மற்றதையெல்லாம் படித்துவிட்டு, இருக்கட்டும், உள்ளது உள்ளபடி வாசி, மறைத்து வைத்தால்தான் அது வளரும் என்றீர்கள். இதில் பெயர் வருகிற நோயாளியும் தன் பெயரைப் போட்டே எழுதச் சொல்லிவிட்டார். அவர் இந்த அவையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். எனவே இனி நான் சொல்லப்போவது யாருக்கும் தெரியாமல் சொல்வது அல்ல. ஆனாலும் வாசிக்கும்போது என் குரல் நடுங்கினால் அவையோர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, சாலையோரத்தில் ஓட்டுக் கட்டடமாக இருந்த இந்த மருத்துவமனைக்குள் வெள்ளைச் சேலையும் விறுவிறு நடையுமாக நுழைந்தீர்கள். மனநோய் என்றால் மந்திரித்துக் கயிறு கட்டுவது என்றும், கயிறு அறுந்தால் சங்கிலி கட்டுவது என்றும் ஊர் நம்பிய காலம் அது. சங்கிலித் தழும்போடு வந்த கால்களுக்கு மருந்து பூசியவர் நீங்கள். சடை பிடித்த தலைகளுக்குச் சீப்பு எடுத்தவர் நீங்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வார்டு முழுவதற்கும் நகம் வெட்டியவர் நீங்கள். அடிக்க வந்த கைகளைப் பிடித்துக்கொண்டு, இந்த விரலில் நகம் வளர்ந்திருக்கே என்று கேட்டு அந்தக் கோபத்தையே குழப்பிவிடும் உங்கள் சாமர்த்தியம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அப்படிப் போயின. பிறகு எட்டாம் அறை திறந்தது.

எட்டாம் அறையைப் பற்றி ஊரில் உலவும் பேச்சு இந்த அவைக்குத் தெரியும். ‘கரண்டு ரூம்’ என்று பெயர் வைத்தார்கள். ஷாக் வைக்கிறார்கள், நாக்கு வெந்துபோகும், பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோகும் என்றெல்லாம் பாடாலூர் பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அங்கே இருப்பது உள்ளங்கையளவு பெட்டி ஒன்று, இரண்டு வயர், உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சு, தலையைச் சுற்றிக் கட்டும் ரப்பர் பட்டை ஒன்று. சுவரிலிருந்து வரும் கரண்டு அல்ல, பேட்டரியிலிருந்து வரும் மெல்லிய கரண்டு. வெட்டு வலிப்பு இல்லை, மயக்கம் இல்லை, இருபது நிமிடம் குறுகுறுவென்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். இடக்காதுக்கு மேலே சற்றுப் பின்னால் ஒரு ஸ்பாஞ்சு, இட நெற்றியில் ஒரு ஸ்பாஞ்சு. இல்லாத பேச்சைக் கேட்கிற இடம் அந்தக் காதுக்கு மேலே அளவுக்கு அதிகமாக விழித்திருக்கிறது, அதைக் கொஞ்சம் தணிக்கிறோம் என்று எங்கள் டாக்டரம்மா வெற்றிச்செல்வி சொல்லித் தந்தார். நீங்கள் அதையே சொந்தக்காரர்களிடம், தூங்காத பிள்ளையைத் தட்டிக் கொடுக்கிற மாதிரிதான் என்று சொல்லிவிட்டு, ஸ்பாஞ்சுகளை உங்கள் முழங்கையில் வைத்துக் காட்டுவீர்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் தங்கள் ஆளை உள்ளே விடுவார்கள்.

மனச்சிதைவு நோயில் மருந்து கொடுத்தும் அடங்காத குரல்கள் சிலருக்கு உண்டு. அவர்கள்தான் எட்டாம் அறைக்கு வந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வு, ஐந்து நாளில் பத்து. ஒவ்வொரு அமர்வுக்கும் பிறகு படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும்: குரல் எந்தப் பக்கம் கேட்கிறது, எவ்வளவு சத்தம், என்ன சொல்கிறது. கேட்பது நீங்கள், எழுதுவது நான். ஒன்பது ஆண்டுகள் அந்த அறையின் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இல்லாதவர்கள் பேசியதையெல்லாம் நான் எழுதினேன். ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் பல் விளக்கும்போது, ‘இப்ப இவன் பல் விளக்கறான்’ என்று இரண்டு பேர் பேசிக்கொள்வது அவருக்குக் கேட்டது. கல்லூரிப் பெண் ஒருத்திக்கு மின்விசிறி நின்ற பிறகு அதன் உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. இதையெல்லாம் நீங்கள் சிரிக்காமல், பயப்படாமல், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி விசாரிப்பதைப் போல விசாரிப்பீர்கள். அது இன்று சாப்பிட்டதா, கோபமாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டுக்குப் போன பிறகு பல நாள் நான் தண்ணீர் மொள்ளும்போதுகூட யாராவது அதைச் சொல்கிறார்களா என்று காது கொடுத்துப் பார்த்திருக்கிறேன். இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

எல்லோருக்கும் குரல் போய்விடவில்லை. சிலருக்குப் பாதி குறைந்தது, சிலருக்குச் சத்தம் குறைந்து பேச்சு மட்டும் மிஞ்சியது, சிலருக்கு ஒன்றுமே ஆகவில்லை. போனவர்களுக்கும் சில மாதத்தில் திரும்பியது உண்டு. இதை நீங்கள் யாரிடமும் மறைக்கவில்லை. மடல் என்றால் நோய்கள் எல்லாம் உங்கள் கைபட்டு ஓடின என்று எழுத வேண்டும் என்பார்கள். நான் எழுதமாட்டேன், ஏனென்றால் படிவங்கள் என்னிடம் இருக்கின்றன.

இனி பூவிழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில், ஆலத்தியூர்ப் பக்கத்திலிருந்து லாரி ஓட்டுநர் செல்லதுரை தன் மனைவியை அழைத்து வந்தார். இருபத்தாறு வயது, முப்பத்து நான்கு கிலோ. இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. அதுபோலச் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் எடுக்கும் ஊர்களில் இலை, கூரை, துணி எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒரு தூசு படிந்திருக்கும். அங்கே பிறந்தவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பூவிழிக்கு இடக்காதுப் பக்கம் நடுவயதுப் பெண் ஒருத்தியின் குரல் கேட்டது. சோற்றில் சுண்ணாம்பு இருக்கிறது, தின்னாதே, பிள்ளைக்கும் கொடுக்காதே என்று அது சொல்லும். அரிசியைப் பதினொரு தண்ணீர் கழுவுவார். கழுவி முடித்ததும் அது, இன்னும் இருக்கிறது என்னும். கொட்டிவிடுவார். குழந்தை பசித்து அழும்போது வாயைப் பொத்துவார், தூசு உள்ளே போய்விடுமே என்று. கடைசியில் மாமியார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டார். தன் கையால் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டவேண்டும், அதற்கு அந்தப் பொம்பளை விடமாட்டேன் என்கிறாள், அவளை மட்டும் போகச் சொல்லுங்கள் என்பதுதான் பூவிழி உங்களிடம் கேட்டது. வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

நீங்கள் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தீர்கள். மூக்கின் மேல் குழியிலிருந்து பிடரி மேடு வரைக்கும், ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் அளந்து, முடியை வகிர்ந்து, குறி வைத்து, ஸ்பாஞ்சைப் பதித்தீர்கள். மூன்றாம் நாள் குரலின் சத்தம் இறங்கியது. நான்காம் நாள் அது வாக்கியத்தை முடிக்கவில்லை. ஐந்தாம் நாள், பத்தாவது அமர்வின் முடிவில், பட்டையை நீங்கள் அவிழ்த்துக்கொண்டிருக்கும்போது பூவிழி கதவைப் பார்த்தபடி சொன்னார்: “சிஸ்டர், அது கெளம்புதுங்க. வாசப்படியில நின்னுக்கிட்டு, போயிட்டு வரேங்குது.”

நீங்கள் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தீர்கள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சரி, போயிட்டு வா” என்றீர்கள்.

எல்லோரும் சிரித்தோம். பூவிழியும் சிரித்தார். நம் பக்கத்தில் யார்தான் வேறு விதமாகச் சொல்வார்கள்? வாசலைத் தாண்டுகிறவர் ‘போறேன்’ என்று சொல்லமாட்டார், அது வாயில் வரக்கூடாத சொல். அனுப்புகிறவர் ‘போ’ என்று சொல்லமாட்டார், சண்டை போட்டுக்கொண்டு போகிற சம்பந்தியைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவோம். அந்த வார்த்தை இல்லாமல் எழுந்து போவது சாவு வீட்டில் மட்டும்தான். உங்கள் வாய் பழக்கத்தில் மரியாதையாக நடந்துகொண்டது. நான் படிவத்தில் ‘குரல் இல்லை’ என்று எழுதி, நாள் போட்டுக் கையெழுத்து வாங்கினேன்.

இருபத்து மூன்று நாள் நன்றாகப் போயிற்று. குழந்தை வீட்டுக்கு வந்தது. பருப்புச் சோறு பிசைந்து ஊட்டுகிறேன் என்று பூவிழி போனில் சொன்னதாக நீங்கள் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். இருபத்து நான்காம் நாள் செல்லதுரை அவரைத் திரும்ப அழைத்து வந்தார். பூவிழி எட்டாம் அறைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்று உங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

“அது வந்துடுச்சுங்க” என்றார். “வந்ததுமே சொல்லுது, அமிர்தவல்லிதான் வரச் சொன்னா, வந்துட்டேன்னு.”

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இந்தச் சிகிச்சையின் பலன் சிலருக்குச் சில வாரத்தில் தேய்வது உண்டு, மறுபடி கொடுக்கலாம், மாத்திரையையும் மாற்றுவோம், ஒரு வார்த்தையால் எதுவும் திரும்பி வராது என்றார். அவர் சொன்னது அத்தனையும் சரி. நீங்களும் தலையாட்டினீர்கள். அன்று மாலை எட்டாம் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு தாளை ஒட்டினீர்கள்: ‘இங்கே யாரையும் வரச் சொல்லாதீர்கள்.’ பார்வையாளர்களைப் பற்றிய அறிவிப்பு என்றுதான் புதிதாக வருகிறவர்கள் இன்றுவரை நினைக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த அறையில் பணியாற்றிய ஒருவரும் நோயாளியைப் போயிட்டு வாங்க என்று அனுப்பியதில்லை. நன்றாக இருங்கள் என்போம். அவர்கள் வாசலில் ஒரு கணம் தயங்குவார்கள், எதையோ எதிர்பார்ப்பார்கள், பிறகு போய்விடுவார்கள்.

இரண்டாம் சுற்று தொடங்கியது. முதல் சுற்றில் அந்தக் குரல் சோற்றைப் பற்றி மட்டுமே பேசியது. இப்போது உங்களைப் பற்றிப் பேசியது. அமிர்தவல்லி டேப்பைத் தேடுகிறாள் என்றது, அது தப்பு, டேப் உங்கள் பைக்குள்தான் இருந்தது. இரண்டாம் நாள் காலையில், இன்று தண்ணீரில் உப்பே இல்லை என்றது. நீங்கள் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். உப்பு இல்லை; புட்டி மாறி வெறும் தண்ணீரை ஊற்றிவைத்தவன் நான். உப்பில்லாவிட்டால் குறுகுறுப்பு மாறும், அந்தப் பெண்ணின் தோல் அதை உணர்ந்திருக்கிறது, தான் உணர்ந்ததையே அவர் குரலாகக் கேட்கிறார் என்று டாக்டரம்மா சொன்னார். அதுவும் சரிதான். சரியான விளக்கத்தைக் கேட்ட பிறகும் என் கை மயிர் சிலிர்த்தபடியேதான் நின்றது.

ஐந்தாம் நாள், கடைசி அமர்வு. பதினேழாவது நிமிடத்தில், உப்புத் தண்ணீர் தீர்ந்துவிட்டது, மருந்தகத்திலிருந்து ஒரு புட்டி வாங்கி வா என்று என்னை அனுப்பினீர்கள். நான் வந்தபோது அமர்வு முடிந்திருந்தது. நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள். மேசையில் பாதிப் புட்டி உப்புத் தண்ணீர் இருந்தது. நான் படிவத்தை எடுத்துக்கொண்டு, கடைசியாக என்ன கேட்டது என்று பூவிழியிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “உன்ன வுட்டுட்டேன், இனிமே அவகூடப் போறேன்னுச்சுங்க.”

யாருடன் என்று கேட்டேன். அவர் உங்கள் முதுகைப் பார்த்தார்.

அக்கா, அந்தப் படிவத்தில் ‘கடைசியாகக் கேட்டது’ என்ற கட்டத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். முப்பது ஆண்டுப் பணியில் நான் தெரிந்தே எழுதிய ஒரே பொய் அது. அது பேச்சுதானே, இல்லாத ஒருத்தியின் பேச்சு, அதை எழுதி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் நான் பயந்தேன். எழுதினால் அது நடந்துவிடும் என்று பயந்தேன். பூவிழிக்கு அன்றோடு குரல் நின்றது. மாத்திரையும் விடாமல் சாப்பிடுகிறார். இந்த மூன்று ஆண்டில் ஒரு நாளும் அது அவரிடம் திரும்பவில்லை. இன்று அவர் ஐம்பத்திரண்டு கிலோ. குழந்தை ஒன்றாம் வகுப்பு போகப்போகிறாள். அந்தக் கட்டத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் ஓய்வு பெறும் நாள் நெருங்க நெருங்க என்னால் இருக்க முடியவில்லை. கணவர் மறைந்த பிறகு கீழப்பழுவூர் வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். இத்தனை நாள் பகல் முழுக்க எங்களோடு இருந்தீர்கள், இனி பகலிலும் தனியாக இருப்பீர்கள். சென்ற செவ்வாய்க்கிழமை மதியம், பழைய படிவத்தை எடுத்துக்கொண்டு எட்டாம் அறைக்கு வந்தேன். நீங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தீர்கள். உங்களுக்கு வலப்பக்கம் என் ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள்.

“தெரியும் வெள்ளைச்சாமி” என்றீர்கள். “உன்ன வெளிய அனுப்பிட்டு நாந்தான் அதுகிட்டப் பேசினேன். புள்ள பெத்தவள வுட்டுடு, சோத்துல சுண்ணாம்பு இருந்தா நான் தின்னுக்கறேன், என்கூட வந்துடுன்னேன். வார்த்தைய வுட்டது நான். வாங்கிக்க வேண்டியதும் நாந்தான்.”

வந்ததா என்று கேட்டேன்.

நீங்கள் டிபன் பாக்ஸைத் திறந்தீர்கள். தயிர்ச்சோறு. சாப்பிடுவதற்கு முன் ஆள்காட்டி விரலைச் சோற்றுக்குள் விட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் மெதுவாகத் தடவிப் பார்த்தீர்கள். மூன்று ஆண்டுகளாக நீங்கள் அப்படிச் செய்வதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரேஷன் அரிசியில் கல் பார்க்கிறார் என்று மணிமொழிகூட ஒருமுறை கேலி செய்தார். பிறகு முதல் வாயை எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று, விழுங்கினீர்கள். அடுத்த வாய், அடுத்த வாய் என்று ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டீர்கள். முடித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. சுண்ணாம்பெல்லாம் ஒண்ணுமில்ல” என்றீர்கள்.

என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இடப்பக்கம் திரும்பிச் சொன்னீர்கள். அங்கே யாரும் இல்லை.

நீங்கள் வியாழக்கிழமை படித்தது இதுவரைக்கும்தான். இனி வருவது நேற்று நாங்கள் சேர்த்து எழுதியது, உங்களுக்குக் காட்டாதது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். முதலில் எங்களை ஏசினார், பிறகு உங்களை ஏசினார். அது குரலாகவும் இருக்கலாம், மூன்று ஆண்டாகச் சுமந்த குற்ற உணர்வாகவும் இருக்கலாம், வெறும் பழக்கமாகவும் இருக்கலாம், கேட்காமல் எதையும் சொல்லமுடியாது என்றார். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றார். தேவைப்பட்டால் எட்டாம் அறையில் நாற்காலி இருக்கிறது. அளப்பதற்கு மணிமொழி இருக்கிறார். உப்புத் தண்ணீருக்கு நான் இருக்கிறேன், இம்முறை புட்டி மாறாது. முடிந்ததும் படிவத்தில் நீங்கள் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதுவேன்.

உங்களுக்குக் கேட்கிறதா என்று இந்த மூன்று ஆண்டில் நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஊர் முழுக்க இருக்கிற எல்லோரிடமும் அதை நீங்கள் கேட்டீர்கள், உங்களிடம் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. அதற்காக இந்த அவையின் முன் வெட்கப்படுகிறோம். இப்போது கேட்கிறோம். இங்கே பதில் சொல்ல வேண்டாம், திங்கட்கிழமை சொன்னால் போதும்.

ஒன்று மட்டும் எங்களுக்குத் தெரிகிறது, அதுதான் இந்த மடலில் நாங்கள் தரக்கூடிய உண்மையான பாராட்டு. பூவிழியைச் சாப்பிடவிடாத அதே பேச்சு உங்கள் காதிலும் இருந்திருந்தால், மூன்று ஆண்டு, ஒவ்வொரு வேளையும், அதைக் கேட்டுக்கொண்டே நீங்கள் முழுச் சோற்றையும் சாப்பிட்டிருக்கிறீர்கள். சாப்பிட்டுவிட்டு எழுந்து வந்து எங்களோடு சிரித்திருக்கிறீர்கள். விருதுகளும் கேடயங்களும் வாங்கியவர்களை இந்த மேடை பார்த்திருக்கிறது. இப்படி ஒருவரை அது பார்த்ததில்லை.

நீங்கள் நூறாண்டு வாழ வேண்டும். மூட்டு வலியின்றி, சர்க்கரையின்றி, கண்ணாடியின் எண் இதற்குமேல் ஏறாமல், வேளைக்கு வேளை வயிறாரச் சாப்பிட்டு வாழ வேண்டும். ஆனால் தனியாகச் சாப்பிட வேண்டாம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை தோறும் எங்களில் ஒருவர் கீழப்பழுவூர் வருவோம். உங்கள் தட்டிலிருந்தே சாப்பிடுவோம். முறை வைத்து ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

முதல் ஞாயிறு எனக்கு என்று போட்டிருந்தேன். பூவிழி அதை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். ஆலத்தியூரில் தன் கையால் சோறு ஆக்கி எடுத்துக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். முதல் வாயை அந்தக் குழந்தை சாப்பிடும், அதை நீங்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லச் சொன்னார்.

இனி உங்கள் இடப்பக்கத்தில் உட்காரப்போகும்,
மனநலப் பிரிவுப் பணியாளர்கள் பதினொருவர்